கட்டத்துக்குள் யாருடைய படம்?

அன்புள்ள வாசக நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய நோனோகிராம் கட்டு வந்து சேர்ந்தது. பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். உலகப் புகழ்பெற்ற ஒரு எலி, ஒரு நடிகரின் முகம், ஒரு கிரிக்கெட் அணியின் சின்னம் என்று இணையத்தில் கிடைத்த படங்களைக் கணினியில் போட்டு இருபதுக்கு இருபதாகச் சுருக்கியிருக்கிறீர்கள். “வெறும் கறுப்புக் கட்டம்தானே சார், இதுக்கெல்லாமா உரிமை கேட்கப் போறாங்க?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

கேட்பார்கள். அந்த எலி, அதாவது மிக்கி மவுஸ், முதன்முதலில் பிரபலமான 1928ஆம் ஆண்டுப் படத்துக்கே அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்றுதான் பதிப்புரிமை முடிந்தது. அதுவும் அந்தப் பழைய உருவத்துக்கு மட்டும். வர்த்தக முத்திரை தனிக் கணக்கு. எண்களைப் பார்த்துக் கட்டம் நிரப்பும் விளையாட்டு முறை யாருக்கும் சொந்தமில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் படம் ஒருவருக்குச் சொந்தம். சட்டத்தைப் பற்றி இப்போதைக்கு இது போதும். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், இரவல் படத்தில் நல்ல புதிர் அமைவதில்லை என்பது.

இந்தப் புதிர் பிறந்ததே ஓர் ஓவியக் கையிலிருந்துதான். 1987இல் ஜப்பானில் நோன் இஷிடா என்ற வரைகலைக்காரர், உயர்ந்த கட்டடத்தின் ஜன்னல் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் காட்டும் யோசனைக்காகப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கினார். அங்கிருந்து வந்ததுதான் இந்தப் புதிர். ஏறத்தாழ அதே காலத்தில் தெட்சுயா நிஷியோ என்ற புதிர் ஆசிரியரும் தனியாக இதையே கண்டுபிடித்தார். 1990இல் லண்டனின் சண்டே டெலிகிராஃப் வாரந்தோறும் போடத் தொடங்கியபோது, ஜேம்ஸ் டால்கெட்டி இஷிடாவின் பெயரை வைத்தே நோனோகிராம் என்று பெயர் சூட்டினார். ஜன்னலையே தூரிகையாக நினைத்தவர் இஷிடா. வேறெங்கோ வரைந்த படத்தை ஜன்னலுக்குள் திணிக்கவில்லை.

ஐந்துக்கு ஐந்தில் ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒவ்வோர் எண்ணும் அந்த வரிசையில் அடுத்தடுத்து வரும் கறுப்புக் கட்டங்களின் எண்ணிக்கை. மேலிருந்து கீழே வரிசை எண்கள்: 3, 5, 1, 1, 2. இடமிருந்து வலமாக நெடுவரிசைகள்: முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 2-ம் 1-ம், நடுவில் 5, அடுத்து 2, கடைசியில் 1. நடு நெடுவரிசை முழுதும் கறுப்பு, இரண்டாம் வரிசையும் அப்படியே. மூன்றும் நான்கும் தாமாகவே முடிந்துவிடும். மேல் வரிசையின் 3 அங்கே இங்கே நகர முடியாது; ஓரத்து நெடுவரிசைகள் இரண்டும் தங்கள் ஒற்றைக் கட்டத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டன. மிஞ்சியது அடி வரிசையின் 2. இரண்டாம் நெடுவரிசை இன்னும் ஒரு கட்டம் கேட்டுக்கொண்டிருப்பதால் அது இடப்பக்கம் வளைகிறது. வளைந்த பிறகுதான் குடை. அதுவரை காளான்.

மொத்தமே பன்னிரண்டு கறுப்புக் கட்டம். குடையா காளானா என்று தீர்மானிப்பது அந்தக் கடைசி ஒன்றுதான். அதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பவர்தான் ஓவியர். குடையின் புகைப்படத்தை நிரலில் போட்டால் முதலில் தொலைவது அந்தக் கைப்பிடிதான்.

உங்கள் நடிகரின் மீசைக்கு வருகிறேன். வலது நுனியில் இரண்டுக்கு இரண்டாக ஓர் இடத்தில், மூலைக்கு மூலையாக இரண்டு கட்டங்கள் கறுப்பாக இருக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு எதிர்மூலைகளைக் கறுப்பாக்கினாலும் சுற்றியுள்ள எண் ஒன்றுகூட மாறவில்லை. அதாவது இரண்டு விடை. போடுபவர் யோசித்துப் பயனில்லை, பூவா தலையா போட வேண்டியதுதான். மூன்றாவது கட்டத்தையும் கறுப்பாக்கினால் சிக்கல் தீரும், மீசை கொஞ்சம் தடிக்கும். படத்தைக் குறைந்தது நாலு இடத்திலாவது இப்படித் திருத்தாமல் புதிர் நிற்காது. திருத்தும் உரிமை நம் கையில் இல்லாத படத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்வது?

‘இலவசம்’ என்று போட்டுக் கிடைக்கும் படங்களிலும் இதைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில, மாற்றியமைத்து வெளியிடக் கூடாது என்கின்றன. சில, காசு வாங்கக் கூடாது என்கின்றன. பழைய படங்கள் பரவாயில்லை. நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் தடையில்லை. ரவி வர்மா 1906இல் காலமானவர், தாராளமாக எடுக்கலாம். ஆனால் அவருடைய புடவை மடிப்பெல்லாம் இருபது கட்டத்தில் கறையாகிவிடும். தாமஸ் பெவிக் 1797 முதல் வெளியிட்ட பிரிட்டிஷ் பறவைகளின் மரச்செதுக்குப் படங்களை எடுங்கள். கோடுகளை விட்டுவிட்டு வெளிவடிவத்தை மட்டும் பார்த்தால் அலகும் வாலும் அழகாகக் கட்டத்தில் உட்காரும்.

அதைவிட நல்லது, கட்டத்திலேயே வரையப் பழகியவரைப் பிடிப்பது. 1984இல் வந்த முதல் மெக்கிண்டாஷின் சின்னங்களை வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டு வாங்கி 32க்கு 32 சதுரத்தை ஒவ்வொன்றாக நிரப்பித்தான் தொடங்கினார். பெரிய ஓவியராக இருக்க வேண்டியதில்லை. குறுக்குத் தையல் போடுகிறவருக்கும் இந்தக் கண் உண்டு. அளவை முன்கூட்டியே சொல்லுங்கள். சாம்பல் நிறம் கூடாது, ஒற்றைப் புள்ளிகள் சிதறக் கூடாது, திருத்தம் கேட்டால் கோபிக்கக் கூடாது.

பேசி முடித்ததும் எழுதி வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்கள் செயலியாகவும் வெளியிடப் போவதாகச் சொல்கிறீர்கள். சிங்கப்பூரில் ஒருவர் இறக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கட்டின் அடியில் ஒரு தாள் இருந்தது: அக்கா மகள் சும்மா வரைந்தது என்று குறித்திருந்தீர்கள். டீ கிளாஸ், மேலே ஆவி. பத்துக்குப் பத்து. ஆவியின் வளைவு கடைசியில்தான் பிடிபடுகிறது, விடையும் ஒன்றே ஒன்றுதான். இதைப் போடுகிறோம், மற்றவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் பள்ளி மாணவி என்பதால் இணைத்துள்ள ஒப்புதல் தாளில் அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். சன்மானம் அக்கா மகள் பெயருக்குத்தான் வரும், உங்கள் பெயருக்கு அல்ல.

அன்புடன்,
புதிர்ப் பக்க ஆசிரியர்