பழைய மோட்டார் வண்டிகள்: மாண்பும் மறதியும்

பொருள்கள் பழையனவாகுந்தோறும் மதிப்பிழத்தல் உலகியற்கை. ஆயினும், ஒருசில பொருள்கள் இவ்விதிக்குப் புறம்பாய் நிற்கின்றன. அவை முதலில் விலைகுறைந்து, பின்னர் எவரும் பொருட்படுத்தாத நிலையை எய்தி, அந்நிலையைத் தாண்டி எஞ்சியவை மட்டும் மீண்டும் மதிப்புப் பெறுகின்றன. மோட்டார் வண்டி அத்தகையது. அது புதிதாயிருக்குங்கால் போற்றுவார் பலர். மிகப் பழையதாயவிடத்து நாடுவாரும் பலர். இடைப்பட்ட இருபது முப்பது ஆண்டுகளில் அதனைக் காப்பார் சிலரே. பெரும்பாலான வண்டிகள் அழிந்தொழிவது அவ்விடைக்காலத்திலேயாம்.

இவ்வழிவு எங்ஙனம் நிகழ்கின்றது, அழியாது எஞ்சியவற்றிற்கு நீங்காத கவர்ச்சி எதனால் உண்டாகின்றது என்னும் இரு வினாக்களை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிய பிரித்தானிய வண்டிகளை, அவற்றுள்ளும் மொறிஸ் மைனரைச் சிறப்பாக, எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வண்டியின் பிறப்பு

மொறிஸ் மைனரை வகுத்தமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1906 இல் ஸ்மேர்னா நகரிற் பிறந்த இவரே, 1959 இல் வெளிவந்த மினி வண்டியையும் ஆக்கியவர். மைனர் 1948 இல் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் மக்கள்முன் வைக்கப்பட்டது. அதற்கு முன் மாதிரி வண்டியை நோக்கிய இசிகோனிஸ், அது ஒடுக்கமாய்த் தோன்றுவதாகக் கருதி, நெடுக்காக இரண்டாய் அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தி மீளப் பொருத்தச் செய்தார். பம்பர்கள் முன்னரே செய்யப்பட்டிருந்தமையால், அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு இட்டு நீட்டவேண்டியதாயிற்று. தொடக்ககால மைனர்களிற் பம்பரின் நடுவே காணப்படும் அவ்வொட்டுத் துண்டு இக்கதையை இன்றுங் கூறும்.

முதலில் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தோடு வந்த இவ்வண்டி, ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் 1952 இல் இணைந்தபின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையும், 1956 இல் 948, 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரங்களையும் முறையே பெற்றது. 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது மைனர் ஆலையினின்று வெளிப்போந்தது. பிரித்தானிய வண்டிகளுள் இவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1970களின் தொடக்கத்தில் ஆக்கம் நிறுத்தப்பட்டபோது தொகை பதினாறு இலட்சத்தைக் கடந்திருந்தது.

இவ்வண்டியின் பெருமை அதன் வேகத்தில் இல்லை. முன்மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குப் புலனாகும்; கைக்கு எட்டும். பற்றறி சோர்ந்தவிடத்து முன்புறத்தே கைபிடியைச் செருகிச் சுழற்றி இயக்கலாம். ஒரு சில சாவிகளும், ஒரு திருகாணிச் செலுத்தியும், சற்றே பொறுமையும் உடையவன் இதன் குற்றங்களிற் பலவற்றைத் தானே கண்டு நீக்கவல்லன். ஆக்கியோன் கருத்தைப் பயன்படுத்துவோன் விளங்கிக்கொள்ளத்தக்கதாய் இவ்வண்டி அமைந்தது. இதன் கவர்ச்சிக்கு முதற் காரணம் அதுவே என்பது எமது துணிபு.

இலங்கையில் நீண்ட ஆயுள்

ஐம்பதுகளில் நம் நாட்டு வைத்தியர், பிரக்கிராசிமார், ஆசிரியர், வணிகர் முதலியோர் விரும்பி வாங்கிய வண்டிகளுள் மைனரும், ஒஸ்ரின் ஏ40 வகையும், பின்னர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் குறிப்பிடத்தக்கன. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி உண்டாயிற்று. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, உள்ள வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பெரும்பாலார்க்கு இருக்கவில்லை. பிரித்தானியாவில் பத்து ஆண்டுகளிற் கழித்துவிடப்பட்ட வண்டியை ஈண்டு முப்பது ஆண்டு ஓட்டவேண்டியதாயிற்று. பணிமனைகளில் தேய்ந்த உறுப்புகள் கடைச்சல் இயந்திரத்தில் மீளக் கடையப்பட்டன; கிழிந்த தகட்டை ரிங்கர் வேலைக்காரர் தட்டி ஒட்டினர். தேவையே ஒரு கைத்தொழிற் பள்ளியாயிற்று.

அவ்வண்டிகளின் இலக்கத் தகடுகளும் வரலாற்றுச் சான்றுகளேயாம். ஐம்பதுகளிற் பதிவுபெற்ற வண்டிகள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. பின்னர்ச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டபோது தமிழ்ப் பகுதிகளில் எழுந்த எதிர்ப்பும், அதனையொட்டி 1958 இல் நிகழ்ந்தவையும் நம் மூத்தோர் அறிவர். வண்டியை விற்பார், ஆவணங்களையும் பழைய தகட்டையும் எறிந்துவிடுவராயின், வரலாற்றின் ஓர் ஏட்டையே எறிந்தவராவர்.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல் உட்படப் பல பொருள்கள் குடாநாட்டிற்குச் செல்வது தடுக்கப்பட்டது. அப்போது வீதியில் எஞ்சி ஓடியவை பெரும்பாலும் இப்பழைய வண்டிகளே. அவை மண்ணெண்ணெயில் ஓடின. இதனை ஒரு விந்தையாகக் கூறிச் செல்வோர் பலர். இதன் அறிவியலை விளக்குவோர் சிலர். மாணவர் பொருட்டு அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதன்று. ஆதலின் குளிர்ந்த இயந்திரத்தை அதனால் இயக்குதல் அரிது. நம்மவர் சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயிற் செலுத்தினர். இரண்டாவது இடர், அழுத்தத்தால் விளைவது. உருளையுள் அழுத்தம் மிகுமாயின் மண்ணெண்ணெய் உரிய முறையில் எரியாது வெடித்து, இயந்திரம் தட்டும் ஒலியெழுப்பும். நாளடைவிற் பிஸ்ரன் கெடும். 803 கன சென்ரிமீற்றர் மைனரின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7.2 க்கு 1 ஆகும். இக்காலத்துப் பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றில் அது 10 க்கு 1 என்னும் அளவையும் கடக்கும். பழைய இயந்திரத்தின் தாழ்ந்த அழுத்தமே அன்று அதற்கு உயிர்க்காப்பாயிற்று. மூன்றாவது இடரும் உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றியவர் வண்டி பிழைத்தது. மாற்றாதவர் வண்டி தேய்ந்தது.

பெற்றோலிற் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடும் பேர்கசன் உழவு இயந்திரங்கள் பிரித்தானியாவில் நாற்பதுகளின் இறுதியிலேயே ஆக்கப்பட்டன. ஆகவே நம் பணிமனையாளர் கையாண்டது இயந்திரவியலுக்கு உடன்பாடான நெறியே. ஆலை ஆய்வுகூடத்திற் செய்ததை அவர்கள் வேப்பமர நிழலில், தடையின் நெருக்கத்தில், நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றிச் செல்லவேண்டிய அவசரத்திற் செய்தனர் என்பதே வேறுபாடு.

கேடு விளையுமாறு

ஓடிய வண்டிகள் இங்ஙனம் பிழைக்க, ஓடாது கொட்டிலில் நின்றவையே பெரிதுங் கெட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுச் செல்லப்பட்டவை ஒருபுறம். உரிமையாளர் வெளிநாடு சென்றபின் வீட்டுக் கொட்டிலிற் பூட்டிவைக்கப்பட்டவை மறுபுறம். 'ஓடாமையால் தேயாது' என்று நினைத்தல் பெரும் பிழை. நிற்கும் வண்டிக்கு நேருங் கேடுகளை முறையே நோக்குவோம்.

முதலாவது, பெற்றோல். அது மாதக்கணக்கில் நிற்குமாயின் எளிதில் ஆவியாகும் பகுதி நீங்கி, பிசின் போன்ற படிவு எஞ்சும். காபரேற்றரின் நுண்துளைகளை அது அடைத்துவிடும். இரண்டாவது, பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அவ்வீரம் பிரேக் உருளைகளை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். மைனரில் நான்கு சில்லுகளின் பிரேக்கும் ஒரே இணைப்பில் அமைந்தவை. ஓரிடத்திற் கசிந்தால் மிதிபிரேக் முழுவதுமே கைவிடும். நெடுநாள் நின்ற வண்டியை இயக்கிப் பார்க்கும் ஆவலில் உடனே வீதிக்குக் கொண்டுசெல்லுதல் உயிருக்கே இறுதியாகலாம்.

மூன்றாவது, துரு. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடற்றகடே சுமையைத் தாங்குகின்றது. கதவின் கீழுள்ள பெட்டி வடிவான பகுதியும், நடுக் குறுக்குச் சட்டமும், பின்வில்கள் தொங்கும் இடங்களும் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே முறிந்ததாகும். உப்புக் காற்று வீசும் நம் கரையோரங்களில் இக்கேடு விரைவில் முற்றும். மேலே புதிய நிறம் பூசி உள்ளே மாப்பூச்சால் ஓட்டையை மறைத்தலும் உண்டு. ஆதலின் வாங்குவோர் பூச்சைக் கண்டு மயங்காது, கீழே படுத்து நோக்குக. நான்காவது, றப்பரும் வயரும். ரயர் ஒரே பக்கத்தில் அழுந்தி வெடிக்கும்; குழாய்கள் காய்ந்து பிளக்கும்; வயரின் உறையை எலி கடிக்கும்.

இவற்றுக்கு மருந்து அரிதன்று. மாதம் ஒருமுறையேனும் இயந்திரம் நன்கு சூடேறும்வரை வண்டியை ஓட்டுக. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றுக. நெடுங்காலம் நிறுத்த நேரின் பெற்றோலை வடித்து, பற்றறியைக் கழற்றி, வண்டியைக் கட்டைகளின்மேல் உயர்த்துக. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறையால் மூடற்க. அது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டமையால், கடுமையாக ஓடும் பழைய இயந்திரங்களின் வெளியேற்று வாலவுத் தளங்கள் தேயக்கூடும். தலைப்பகுதியைக் கழற்றுங்கால் உறுதியான தளங்களை இடுவித்தல் நன்று.

நிலைத்த கவர்ச்சியும் நம் கடமையும்

பிரித்தானியாவில் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடாத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், வண்டியைக் கழித்து வாங்குவதினும் பேணி ஓட்டுவதே சிக்கனம் என்னுங் கொள்கையை எண்பதுகளில் நூலாக எழுதினார். தொண்ணூறுகளில் மைனருக்கான உறுப்புகள் தென்னிலங்கையிலே செய்யப்பட்டுப் பிரித்தானியாவிற்கு அனுப்பப்பட்டன. வண்டியை அனுப்பிய நாடு, அவ்வண்டியைப் பேணக் கற்ற நாட்டிடம் உறுப்பு வாங்கிற்று. நம் கைவினைக்கு இதனினும் நற்சான்று வேண்டுவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இன் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அவ்விடைவெளியிற் பழைய வண்டிகளின்மீது பலருடைய கண்ணுந் திரும்பிற்று. இது நன்மையும் தீமையும் கலந்தது. பூட்டிக்கிடந்த வண்டிகள் சில வெளிவந்தன. ஆயினும் பேணுதற்கன்றி விற்றற்கே வாங்குவோர் உளராயினர். மூல இயந்திரத்தை நீக்கி ஜப்பானிய இயந்திரம் பொருத்துவாருமுளர். நின்று துருப்பிடிப்பதினும் அங்ஙனமேனும் ஓடுதல் மேல் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் கழற்றிய மூல இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாது எண்ணெய் பூசி வைத்தல் வேண்டும். ஒரு தலைமுறை நீக்கியதை அடுத்த தலைமுறை மீளப் பொருத்த விரும்பலாம்.

வண்டிகளினும் விரைந்து மறைவது வேறொன்று உண்டு. அதுவே எம்மைப் பெரிதும் கவலச் செய்வது. காபரேற்றரின் ஓசையைக் கேட்டே கலவையின் குறையைச் சொன்னவர், தகட்டைக் கையால் தடவியே வளைவை அறிந்தவர், மண்ணெண்ணெய்க்கேற்பத் தீப்பொறியின் காலத்தைச் செம்மை செய்தவர் முதலியோர் இன்று முதுமையெய்திவிட்டனர். அவர் அறிவு எவ்வேட்டிலும் எழுதப்படவில்லை. வறுமையும் தடையும் காத்துத் தந்த வண்டிகளை வளமும் வசதியும் வந்தபின் இழப்போமாயின், இழப்பது இரும்பை மாத்திரமன்று. அவ்விரும்பை உயிர்ப்பித்த அறிவையும் உடன் இழப்போம்.

ஆதலின், பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் யாம் கூறுவது இதுவே. கொட்டிலில் வண்டி உடையவர் அதனைத் திறந்து பார்ப்பாராக. விற்க நேரின், ஓட்டும் கருத்துடையவர்க்கே விற்பாராக. இயந்திரவியல் பயிலும் மாணவர், தம் ஊரிலுள்ள முதிய பணிமனையாளர் ஒருவரை அணுகி, ஒரு விடுமுறை முழுவதும் அவரருகே அமர்ந்து, அவர் கூறுவதையும் செய்வதையும் படத்தோடு எழுதிவைப்பாராக. அவ்வேட்டின் ஒரு படி நம் கல்லூரி நூலகத்திலும் இடம்பெறுக.