மனக்கண் எல்லார்க்கும் ஒன்றா?

“மனக்கண்ணால் பார்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கண் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

தோழர்களே, ஒரு சிறு சோதனை செய்வோம். கண்களை மூடிக்கொண்டு, 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினாரை நினையுங்கள். சிலருக்கு அதன் நிறமும் அதைச் சூழ்ந்த கடைத்தெருவும் நேரில் நிற்பன போலத் தோன்றும். சிலருக்குப் பனிமூட்டத்தில் கண்டதுபோல் மங்கலாகத் தெரியும். சிலருக்கோ ஒன்றுமே தோன்றாது, இருள்தான். ஆயினும் மினார்கள் நான்கு, திசைக்கொன்றாக வளைவுகள் நான்கு என்று அவர்களும் பிழையின்றிச் சொல்வர். காணாமலே அறிகின்றார்கள்!

முழுதும் திறந்த மனக்கண்ணுக்குத் தமிழில் பூசலாரைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. திருநின்றவூரில் வாழ்ந்த அவர், பொருள் இன்மையால் சிவனுக்கு உள்ளத்திலேயே கோயில் எழுப்பினார் என்று பெரியபுராணம் கூறும். காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோனும் தன் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைக்க நேர்ந்ததாம். மனத்தில் கட்டுவதையும் கட்டுதலாகவே நம் முன்னோர் மதித்தனர்.

அறிவியல் இத்துறையில் புகுந்தது 1880-இல். இங்கிலாந்து நாட்டுக் கால்டன் என்பார், “இன்று காலை உணவு உண்ட மேசை உம் மனத்தில் எவ்வாறு தோன்றுகிறது?” என்று பலரைக் கேட்டார். அறிவியலறிஞருள் சிலர், மனக்கண் என்பதே வெறும் உவமை என்று எண்ணியிருந்தமை கண்டு வியந்தார். 1973-இல் டேவிட் மார்க்ஸ் என்பார் பதினாறு வினாக்களால் இத்தெளிவை அளக்க வழி வகுத்தார். 2010-இல் ஆடம் சீமன் முதலியோர், இதயக் குருதிக்குழாய்ச் சிகிச்சைக்குப்பின் மனக்காட்சியை இழந்த ஒருவரைப் பற்றி எழுதினர். அவர் உருவங்களைத் திருப்பி ஒப்பிடும் சோதனையில், வேறு வழியில் சென்று சரியான விடையையே கண்டார். பிறவியிலேயே இவ்வாறு உள்ளோரும் உண்டு என்று அறிந்து, 2015-இல் சீமன் குழுவினர் இதற்கு ‘அஃபாண்டேசியா’ என்று பெயரிட்டனர். மனக்காட்சி அறவே இல்லாதவரும் மிக மங்கியவரும் சேர்ந்து நூற்றுக்கு நால்வர் அளவில் இருக்கலாம் என்பது பின்வந்த ஆய்வுகளின் மதிப்பீடு.

இது வெறும் சொல் வேறுபாடுதானே என்று ஐயுறலாம். 2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அவ்வையத்தைக் கண்மணியைக் கொண்டே தீர்த்தனர். ஒளிமிக்க உருவத்தை நினைத்தால், ஒளியை நேரில் கண்டதுபோலவே நம் கண்மணி சுருங்குகிறது. மனக்காட்சி இல்லாதார்க்கு, உண்மை ஒளியில் சுருங்கும் கண்மணி, நினைத்த ஒளியில் சுருங்கவில்லை.

இதனால் அவர்களை அறிவில் குறைந்தோர் எனலாமா? பிக்சார் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரும், கணினி வரைகலைக்காக டூரிங் விருது பெற்றவருமான எட் கேட்மல், தமக்கு மனக்காட்சி இல்லை என்று சொல்லியிருக்கிறார். இதற்குமேல் விடை வேண்டுமா?

வேதியியல் பயிலும் எனக்கு இது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. “மூலக்கூற்றை மனத்தில் சுழற்றிப் பார்” என்று வகுப்பில் சொல்லும்போது, சிலர் திகைத்து நிற்கின்றனர். அது சோம்பலும் அன்று, மந்தமும் அன்று. கையில் ஒரு மாதிரியுருவையோ தாளில் ஒரு படத்தையோ கொடுத்தால், அவர்களும் அதே விடைக்கு வந்து சேர்வர்.

இன்னும் ஒன்று. விடுதி நண்பர் ஒருவர், “கண்ணை மூடினால் அம்மாவின் முகம் வரவில்லை, ஊரைவிட்டு வந்ததும் மறந்துவிட்டேனோ?” என்று கலங்கினார். மறதி அன்று, நண்பரே! அவள் குரலையும் கைப்பக்குவத்தையும் அவள் சொன்ன சொல்லையும் நீர் அறிவீர். முகம் தோன்றாமையால் அன்பு குறைந்துவிடாது.

நம் உள்ளத்தையே அளவுகோலாக்கிப் பிறர் உள்ளத்தை அளப்பது எளிது, தவறுவதும் எளிது. ஆகவே இன்று மாலை உணவுக்கூடத்தில் பக்கத்தில் அமர்வாரிடம், “உமக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பல ஆண்டு பழகியவரிடமும் புதியதோர் உலகைக் காண்பீர்கள்.