ஆவுளியா

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுள் மணமேல்குடியும் ஒன்று. இதற்கு வடகிழக்கே உள்ள கோடியக்கரையில் 1967ஆம் ஆண்டு முதல் உயிரினப் புகலிடம் ஒன்று இருந்து வருகின்றது. மாரிக்காலத்தில் அங்கு வந்திறங்கும் பூநாரைகளைக் காண மக்கள் திரள்வர். மணமேல்குடியை அடுத்தும் ஒரு காப்பகம் உண்டு. ஆயின், கரையில் நின்று நோக்குவார்க்கு அது புலப்படாது. அது கடலுக்குள்ளே இருக்கின்றது.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பினைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்கிற்கென ஏற்பட்ட முதற் காப்பகம் இதுவே. அப்பொழுது இந்தியக் கடல்கள் அனைத்திலும் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 240 என மதிப்பிடப்பட்டது.

கடற்பசுவை இக்கரை மீனவர் ஆவுளியா என்பர். அது மீன் அன்று; குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. நிலத்தில் வாழ்வனவற்றுள் யானையே அதற்கு நெருங்கிய உறவு என்றால் வியப்பாக இருக்கும். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோகிராம் எடையும் கொண்டு வளரும் இப்பேருடல், கடலடியில் முளைக்கும் புல்லையே உண்டு வாழ்கின்றது. ஒரு நாளில் முப்பது, நாற்பது கிலோகிராம் மேயும். மேய்ந்து சென்ற தடம், ஏர் உழுத சால் போலப் புல்வெளியில் நீண்டு கிடக்கும்.

கடற்புல் பாசியினம் அன்று. வேரும் இலையும் பூவும் உடைய செடியே அது. கதிரவன் ஒளி அடிவரை எட்டும் ஆழங்குறைந்த கடலிலேதான் தழைக்கும். பாக்கு விரிகுடா அத்தகையது. இறாலும் நண்டும் பலவகை மீன்குஞ்சுகளும் அப்புல்லில் ஒதுங்கி வளர்கின்றன. ஆதலின் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம் மீனவரின் விளைநிலமுமாகும். இழுவைமடி அடித்தரையை வாரிச் செல்லுமிடத்து, இரண்டும் ஒருங்கே அழிகின்றன.

இவ்விலங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். வலையிற் சிக்கினால் கடல்விலங்காகிய அதுவே நீரில் மூழ்கி இறக்கும். இழப்பை ஈடுசெய்தலும் எளிதன்று. ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரு குட்டியே ஈனும்; மறு குட்டிக்கு மூன்று முதல் ஏழாண்டு ஆகலாம். இதன் இனத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவை 1741ஆம் ஆண்டில் பெரிங் கடலில் அறிஞர் கண்டனர். 1768ஆம் ஆண்டிற்குள் வேட்டையாடுவோர் அதனை அடியோடு ஒழித்துவிட்டனர். இருபத்தேழு ஆண்டுகளே போதுமாயிருந்தன!

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவைக் கொல்லுதலை விலக்குகின்றது. எனினும், நடுக்கடலில் வலை கனக்கும் வேளையில் அங்கே நிற்பது சட்டமன்று, மீனவனே. வலையோ கடன்பட்டு வாங்கியது. அறுத்தால் அன்றைய பிழைப்பும் போகும். அவ்வாறிருந்தும் பாக்கு விரிகுடா மீனவர் வலையை அறுத்து ஆவுளியாவை விடுவித்ததுண்டு. வனத்துறையினர் அத்தகையோரைப் பாராட்டிப் பரிசளித்துள்ளனர். விடுபட்ட விலங்கு சற்றுத் தொலைவில் ஒருமுறை மூக்கினை நீட்டி மூச்செடுக்கும். பின்னர்ப் புல்வெளியை நாடி அமிழ்ந்துவிடும்.