அழுகல் பழத்தில் பிழைக்கும் ஊர்

கேள்வி: ஒயினை மட்டுமே நம்பி ஒரு சிற்றூர் நூற்றாண்டுக் கணக்கில் பிழைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அடிமேல் அடி வாங்கித்தான். ஹங்கேரியின் டோக்காய் அப்படிப்பட்ட ஊர். திஸா, போத்ரோக் ஆறுகள் கூடும் இடம். இலையுதிர்காலத்தில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனியில் திராட்சைக் குலைகளில் ஒருவகைப் பூஞ்சை படரும். பகல் வெயில் அதை அளவோடு நிறுத்தும். தோலில் நுண்துளை விழுந்து, நீர் வற்றி, சாம்பல் பூத்து, பழம் கொடியிலேயே சுருங்கிவிடும். பார்த்தால் குப்பையில் போடத் தோன்றும். அதைத்தான் ஒவ்வொன்றாகக் கையால் பறித்து ‘அசு’ என்ற தித்திப்பு ஒயின் செய்கிறார்கள். மழை கெடுத்த ஆண்டில் அசு கிடைப்பதே அரிது. கூலிச் செலவும் அதிகம். விலை ஏன் இவ்வளவு அதிகம் என்பது இப்போது விளங்கும்.

எந்தெந்த ஊர்த் தோட்டங்கள் டோக்காய் என்ற பெயருக்கு உரியவை என்று 1737-லேயே அரசாணை வரையறுத்துவிட்டது. 1880-களில் வேரை அரிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி தோட்டங்களை அழித்தது. அதைவிடப் பெரிய சேதம் கம்யூனிஸ்ட் ஆட்சியில் நேர்ந்தது என்பேன். அரசுப் பண்ணைகள் அளவையே பார்த்தன, தரம் சரிந்தது. கொடியைத் திரும்ப நட்டுவிடலாம், போன பெயரை மீட்பது கடினம். 1990-க்குப் பிறகு பிரெஞ்சு, ஸ்பானிய முதலீடு வந்தது. 2002-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இன்று ஃபுர்மின்ட் திராட்சையில் தித்திப்பில்லாத ஒயினும் செய்கிறார்கள். அதற்குப் பூஞ்சைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.