திண்ணையிலிருந்து கடைக்கு

வீராம்பட்டினத்தில், பெரிய மார்க்கெட் என்று ஊரார் சொல்லும் புதுச்சேரிக் குபேர் அங்காடியிலிருந்து விடியற்காலையில் உதிரிப்பூ எடுத்துவந்து, வீட்டுத் திண்ணையில் நாரால் சரம் தொடுத்து, பொழுது சாய்வதற்குள் வாடிக்கை வீடுகளுக்கு முழக்கணக்கில் கொடுத்து முடிக்கும் ஸ்திரீகளுக்கு, வியாபாரம் சற்று விருத்தியடைந்ததும் கடை பிடிக்கும் எண்ணம் உண்டாவது இயல்பே.

கோயிலருகே கடை வைப்பதே முதலில் தோன்றும் ஆசை. பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வடம் தொட்ட பெருமையுடைய செங்கழுநீர் அம்மன் தேருக்கு, ஆடி வெள்ளியன்று திரளும் ஜனங்களைப் பார்த்தவர்கள், எவ்வளவு பூக் கட்டினாலும் போதாது என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டம் மறுநாள் வருவதில்லை. வாடகையோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் வந்து நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், மீன்பிடித்தலையே பிரதான ஜீவனமாகக் கொண்ட ஊரில் முதலில் குறைவது பூச்செலவுதான். அந்நாட்களில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வருவதால், மாலை கட்டத் தெரிந்தவர் வெளியூர்க் கல்யாண ஆர்டர்களைக் கொண்டு சமாளிக்கலாம். சரம் மட்டும் விற்பவருக்கு அந்த ஆதரவு கிடையாது.

அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையோரம் கடை பிடித்தால், பஸ் ஏறி இறங்குவோர் தினமும் வாங்குவார்கள். கல்யாண வீட்டாரும் நேரில் வந்து மாலை பார்த்து முன்பணம் கொடுப்பார்கள். இதற்கான செலவுகளில் அட்வான்ஸ், கடைக்கான மின்கட்டணம், கொம்யூன் பஞ்சாயத்து உரிமம் ஆகியவற்றை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். ஆள் செலவைத்தான் மறந்துவிடுகிறார்கள். திண்ணையில் சமையலுக்கிடையே தொடுத்த கைகளே கடையில் விற்கவும் வேண்டுமாதலால், இன்னொருவரின் துணையின்றி அது நடவாது. மேற்குப் பார்த்த கடையை, வாடகை எவ்வளவு மலிவாயினும், நான் வேண்டாமென்றே சொல்வேன்: மல்லிகை மொட்டு விரிந்து விலை போகும் மாலை வேளையில் வெயில் நேராக விழுந்தால், ஈரத்துணி போட்டு மூடினாலும் பூ வதங்கிவிடும், மீந்த பூவுக்கோ மறுநாள் மதிப்பில்லை.

ஆகவே, தொடுக்கும் வேலையைத் திண்ணையிலேயே வைத்துக்கொண்டு, அனுமதி பெற்று அரியாங்குப்பத்தில் மாலை வேளையில் மட்டும் ஒரு மேசை போட்டு விற்றுப் பார்ப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். தடைக்காலத்திலும், கல்யாணங்கள் நடவாத மார்கழியிலும், அம்மேசையின் லாபம் ஒரு கடை வாடகையைத் தாங்குமானால் தயங்காமல் கடை பிடியுங்கள். தாங்காவிட்டால், ஆடித் தேரன்று எவ்வளவு விற்றிருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.