மார்பில் கட்டி: மறைக்கலாமா?

இதை எழுதத் தொடங்கிப் பலமுறை பேனாவை மூடி வைத்தேன்.

சென்ற ஆண்டு குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புற்றுநோய்தான் என்று நானே முடிவு செய்து, மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் அழுதேன். நம் திருச்சபை மார்பு நோயுற்றோருக்குப் பாதுகாவலியாகப் புனித ஆகத்தம்மாளையே கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஏனோ அத்தனை வெட்கம்!

நான் தூங்காததைக் கண்டு அம்மா விசாரித்தார்கள். மறுநாளே லேடி டாக்டரிடம் போனோம். தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, 'பைப்ரோ அடினோமா' என்றார். சுரப்பியும் நார்த்திசுவும் சேர்ந்து வளரும் சாதாரணக் கட்டி. நம் வயதில் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இவையே. ரப்பர் போலிருக்கும், பொதுவாக வலிக்காது, விரலுக்கு அகப்படாமல் நழுவும். இதற்கு 'மார்பு எலி' என்றும் பெயராம். மூன்று மாதத்துக்குப் பின் அன்றுதான் சிரித்தேன். பல கட்டிகள் தாமே சுருங்கிவிடும். நம் வயதில் புற்றுநோய் மிக மிக அரிது.

மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து, முடிச்சு முடிச்சாக வலிப்பதும் உண்டு. விலக்கு வந்துபோனதும் அடங்கிவிடும். அப்படி அடங்காத கட்டி, வளரும் கட்டி, கல்லைப்போல் இறுகி அசையாத கட்டி, தோல் சிவத்தல் அல்லது குழிதல், வலியோடு காய்ச்சல், காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பற்றுப் போட்டுக் காலம் கடத்தலாகாது.

என்னை ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் அம்மா கேட்டது ஒன்றே: "முதல் நாளே ஏன்டி சொல்லவில்லை?"