மலை ஓடைக் கெளுத்தி வீட்டுத் தொட்டியில் வாழுமா?



அலங்கார மீன் வளர்க்கக் கடன் கேட்கலாமா என்று சில குழுக்களில் பேச்சு நடக்கிறது. நல்ல தொழில்தான். ஆனால் எந்த மீன் என்று தெரிந்து இறங்க வேண்டும். நாங்கள் பட்டதைச் சொல்கிறோம்.

கொடைக்கானல் மலை ஓடையில் பிடித்த நாலு சின்னக் கெளுத்திகளை, "அபூர்வ மீன், நல்ல விலைக்குப் போகும்" என்று சொல்லி ஒருவர் தந்தார். கண்ணாடித் தொட்டியில் விட்டோம். சித்திரை மாசம். ராத்திரி கரண்ட் போச்சு, காற்று மோட்டாரும் நின்னு போச்சு. விடியறதுக்குள்ள நாலும் செத்துக் கிடந்தது. அதை நம்பிக் கடன் வாங்கியிருந்தால் நம்ம கதி என்ன?

ஏன் செத்தது?

இந்த வகைக் கெளுத்திக்கு நெஞ்சில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கும். அதனால் கல்லைப் பற்றிக்கொண்டு இழுப்புத் தண்ணீரிலும் நிற்கும். ஓடைத் தண்ணீர் குளிர்ச்சியானது. பாறையில் மோதி வருவதால் காற்றும் நன்றாகக் கலந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி சூட்டில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சும் அதிகம் வேணும். வரவு குறைஞ்சு செலவு கூடின வீடு மாதிரிதான்!

சட்டமும் உண்டு

கொடைக்கானல் மலைக்காடுகள் 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அங்கே அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம். கேரள ஆறுகளின் 'மிஸ் கேரளா' மீனைத் தொட்டி வியாபாரத்துக்காக அள்ளி அள்ளி, இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்கள் பட்டியலில் இருக்கிறது.

பின்னே எதை வளர்க்கலாம்?

கப்பி, மோலி, பிளாட்டி. இவை குட்டி போடுபவை. நம்ம ஊர்ச் சூட்டையும் போர்த் தண்ணீரையும் ஓரளவு தாங்கும்.

1. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.
2. தொட்டியை நிழலில் வையுங்கள். வாரம் ஒரு தரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.
3. தாய் மீனே குட்டியைத் தின்னும். பாசிச்செடி போட்டால் குட்டிகள் ஒளிந்து பிழைக்கும்.
4. மிஞ்சிய மீனைக் குளத்திலோ கண்மாயிலோ விடாதீர்கள். நாட்டு மீனுக்குப் போட்டியாகிவிடும்.

முதலில் சொந்தச் சேமிப்பில் ஒரே தொட்டி. வாங்க ஆள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறகுதான் கடன்.

குழுக் கூட்டத்தில் பேச:
• கரண்ட் போனால் மீனைக் காப்பாற்ற நம்மிடம் என்ன வழி?
• குட்டி மீனை எங்கே, என்ன விலைக்கு விற்போம்?